ஓசையில்லாத மணி



எங்கள் வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடைபெறும். தீச்சட்டி ஏந்துவோரும் ஆயிரங்கண் பானை சுமப்போருமாக முல்லையாற்றங்கரை முழுவதும் மக்கள் வெள்ளம் பெருகும். அந்த நாட்களில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்: “சிவப்புச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் காவலர் பந்தலில் இருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும்.” ஐந்து வயதில் நானும் ஒருமுறை இவ்வாறு அறிவிக்கப்பட்டவன்தான். என் தந்தையார் வந்து சேருமுன் ஊரில் பாதிப்பேர் என் பெயரைக் கேட்டுவிட்டனர்.

தொலைதலும் தேடுதலும் மனிதர்க்குப் புதியன அல்ல. மேகமலை அடிவாரத்தில் மேயும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுகிறோம். மாடு எங்கே நிற்கிறது என்பதை அம்மணி மேய்ப்பவனுக்குச் சொல்கிறது. வழியில் போவோர்க்கும் சொல்கிறது. தன் கழுத்தில் மணி இருப்பது மாட்டுக்கும் தெரியும். சபரிமலைக்குச் செல்லும் சிறுவரின் மணிக்கட்டில் காவலர்கள் கட்டிவிடும் பட்டையும் அத்தகையதே. கட்டப்பட்டவரும் காண்பவரும் அறியத் திறந்த அடையாளம் அது.

இன்று இதே வேலைக்கு ஒரு சிறு வில்லை வந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ‘ஏர்டேக்’ என்பதன் எடை 11 கிராம். குறுக்களவு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். உளுந்து வடையின் நடுத்துளையை அடைக்கலாம் என்று சொல்லும் அளவுதான். ‘டைல்’ போன்றவை அதற்கு முன்பே இருந்தன. சாம்சங், ஜியோ முதலிய நிறுவனங்களும் இத்தகைய வில்லைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. சாவிக்கொத்திலோ பெட்டியிலோ மாட்டிவைத்தால், அப்பொருள் தொலைந்தபோது அது இருக்குமிடத்தை உரியவரின் கைப்பேசி படத்தில் காட்டும்.

இது செயற்கைக்கோளின் துணையால் தன் இடத்தை அறிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். சாதாரண வில்லைகள் அவ்வாறு செய்வதில்லை. அவற்றில் சிம் அட்டையும் இல்லை. உள்ளே முதன்மையாக இருப்பது காசு வடிவ மின்கலம் ஒன்றும், ‘புளூடூத்’ என்னும் குறுந்தொலைவு வானலையை அனுப்பும் சிறு கருவியும், ஒலியெழுப்பும் பகுதியுமே. “நான் இங்கிருக்கிறேன்” என்று அது மெல்லிய அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அருகில் செல்லும் யாரோ ஒருவரின் கைப்பேசி அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தையும் சேர்த்து, மறைகுறியாக்கி நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடும். அனுப்பியவருக்கே அது தெரியாது. வில்லைக்கு உரியவரின் கைப்பேசி மட்டுமே அம்மறைகுறியை விடுவித்துப் படிக்கும். பிறர் அலையைப் பதிந்து பின்தொடராதிருக்க, வில்லை தன் பெயரையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். பார்வை வேண்டி எங்கள் ஊர் அம்மனுக்கு ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். இந்த வில்லைக்குத் தனக்கென்று ஒரு கண்ணும் இல்லை. தெருவில் போவோர் கைகளில் உள்ள கண்களையெல்லாம் அது கடன் வாங்குகிறது.

இவ்வளவும் நல்ல ஏற்பாடே. வில்லையை வேறொருவர் பைக்குள் அவர் அறியாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இதை நான் பிறர் கதையாகச் சொல்ல இயலாது.

சென்ற ஆண்டு, அடிக்கடி சாவியைத் தொலைக்கும் என் வழக்கத்துக்கு மருந்தாக ஒரு வில்லை வாங்கினேன். அப்போது என் பேத்தி தேனியில் ஒரு கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தாள். சில நாட்களில் வகுப்பு முடிந்து வர இருட்டிவிடும். எனக்கு மனம் நிலைகொள்ளாது. ஒருநாள் அவளுடைய பையின் உள்துணியைச் சற்றே பிரித்து, வில்லையை உள்ளே வைத்து, ஊசி நூலெடுத்துத் தைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு நேர்மை கற்பித்தவன் செய்த காரியம் இது.

நான்கு நாட்கள் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் நின்றாள், வந்தாள். மூன்றாம் நாள் நான் அறியாத ஒரு தெருவில் அரைமணி நேரம் இருந்தாள். அன்றிரவு எனக்கு உணவு செல்லவில்லை. கேட்கவும் முடியாது, கேட்டால் எப்படித் தெரிந்தது என்பாள். அது பாடக் குறிப்புகளை நகல் எடுக்கும் கடை என்பது பின்னால்தான் தெரிந்தது. அச்சத்தைப் போக்கிக்கொள்ள வைத்த கருவி எனக்குச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்தது.

ஐந்தாம் நாள் மாலை, அறியாத வில்லை ஒன்று உடன் வருவதாக அவள் கைப்பேசி எச்சரித்தது. அது வந்த வழியையும் படமாகக் காட்டியது. பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் நின்று முறைத்துப் பார்க்கும் இளைஞன் ஒருவனே அவள் நினைவுக்கு வந்தான். வீட்டு வழியைக் காட்டிவிடக் கூடாதென்று பழனிசெட்டிபட்டியிலேயே தோழியுடன் இறங்கி, ஒரு மருந்துக்கடைக்குள் புகுந்துகொண்டு தாய்க்குப் பேசினாள். நானும் என் மகளும் ஓடினோம். அதற்குள் அவள் கைப்பேசியில் ஒலிப் பொத்தானை அழுத்தியிருந்தாள். பைக்குள்ளிருந்து குருவிக்குஞ்சு போல் ஒரு சத்தம் வந்தது. உள்துணியைத் திருப்பினாள். பச்சை நூல், எங்கள் வீட்டு நூல், என் கோணல் தையல். அவள் கைகள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“கேட்டிருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேனே, தாத்தா” என்றாள். வீடு சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

நான் வைத்ததும் அந்த இளைஞன் வைத்திருக்கக்கூடியதும் ஒரே வில்லைதான். என் அன்பு அவளுடைய கைப்பேசிக்குத் தெரியாது; அவளுடைய அச்சத்திலும் ஒரு குறைவில்லை.

அந்த எச்சரிக்கை எளிதில் வந்துவிடவில்லை. 2021இல் ஏர்டேக் வந்தபோது, உரியவரைப் பிரிந்த வில்லை மூன்று நாட்களுக்குப் பிறகே ஒலியெழுப்பியது. மூன்று நாளில் ஒருவர் வீடு, வேலை, வழி எல்லாம் தெரிந்துவிடும். அவ்வாண்டு ஜூனில் அது 8 முதல் 24 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்தோர்க்கு அவ்வாண்டு டிசம்பரில் ஒரு செயலி கிடைத்தது. அதுவும் அவர்களே திறந்து தேடினால்தான் பயன்படும். சந்தேகமே வராதவர் எதற்காகத் தேடுவார்? 2022இல் ஒலிப்பகுதி நீக்கப்பட்ட வில்லைகளே இணையச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. மணியின் நாக்கை அறுத்து விற்பதற்கு இது ஒப்பாகும். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவில், தாம் பின்தொடரப்பட்டதாகக் கூறிப் பெண்கள் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தனர். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வகுத்த பொது ஏற்பாடு 2024 மே மாதத்தில் இருவகைக் கைப்பேசிகளிலும் நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவரை எச்சரிக்கும் வில்லை திருடனையும் எச்சரிக்கும். ஆகவே எச்சரிக்கை வேண்டாம் என்று வாதிடுவோர் உளர். வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம் என்பதே என் எண்ணம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலால் உயிரிழந்த பின் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. பெண்ணைப் பின்தொடர்தல் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக்குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல்முறைக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதே ஜூலை 8இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று சிந்திக்கத்தக்கது. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய அயல்நாட்டவர் ஒருவர், தம் இருப்பிடத்தைக் கூகுள் படத்தில் விசாரணை அலுவலர்க்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய பிணை நிபந்தனை. அது செல்லாது என்றது நீதிமன்றம். ஒருவருடைய தனிவாழ்வை ஓயாமல் எட்டிப்பார்க்க அரசுக்கு இடமில்லை என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்க்கே இந்தக் காப்பு இருக்கிறது. குற்றமேதும் செய்யாத பேத்தியின் பையில் நான் வைத்த வில்லைக்கு என்ன நியாயம் சொல்வேன்?

உங்கள் கைப்பேசி இத்தகைய எச்சரிக்கை தந்தால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் நில்லுங்கள். ஒலிக்கச் செய்து தேடுங்கள். கிடைத்த வில்லையைத் தூக்கி எறிய வேண்டாம். கைப்பேசியின் பின்புறம் ஒட்டிவைத்தால் அதன் வரிசை எண்ணைக் காணலாம்; அதையும் எச்சரிக்கைப் படத்தையும் பதிந்துகொண்டு காவல் நிலையத்தில் கொடுங்கள். மின்கலத்தை எடுத்துவிட்டால் வில்லை ஊமையாகிவிடும். ஆனால் வைத்தவர் வீட்டிலேயே இருப்பவரென்று ஐயமிருந்தால், எடுப்பதே அவருக்குச் செய்தியாகிவிடும். அப்போது முதலில் பெண்கள் உதவி எண் 181இல் பேசுவது நன்று, அவசரத்துக்கு 112.

என் வில்லை இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது. அண்மையில் பேத்தி தோழியருடன் மதுரைக்குப் போய்த் திரும்புகையில் இருட்டிவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டிபட்டி தாண்டியதும் தன் இருப்பிடத்தைத் தன் கைப்பேசியிலிருந்து அவளே எனக்குப் பகிர்ந்தாள், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.