உணவு வேளையிலேயே தெரியும் வாய்த்தசைக் குறைபாடு

நாகல் நகரிலிருந்தும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், “இரண்டரை வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை” என்ற கவலையோடு வருகின்றனர். குழந்தை எவ்வாறு பால் குடித்தது, எப்போது மெல்லத் தொடங்கியது என்று நாங்கள் வினவும்போது, சில குழந்தைகளுக்குச் சிக்கல் வெகு முன்னரே தலைகாட்டியிருப்பது புலனாகிறது. உதடு, நாக்கு, கன்னம், தாடை ஆகியவற்றின் தசைகள் பேச்சுக்கு முன்பே உணவில் பழகுகின்றன. ஆகவே, பேச்சு வரும்வரை காத்திராமல் உணவு வேளையிலேயே குழந்தையின் வாயைக் கவனிக்க வேண்டும்.

பிறப்பு முதல் 6 மாதம் வரை

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒத்திசைந்து நடக்கும் திறன், கருவின் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் முதிர்கிறது. எனவே குறைமாதக் குழந்தைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பால் குடிக்க ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேலாவது, இடையிலேயே களைத்து உறங்குவது, கடைவாயில் பால் வழிவது, அடிக்கடி புரையேறுவது, எடை கூடாதிருப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். பால் மூக்கு வழியே அடிக்கடி வந்தால் அண்ணப்பிளவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். குடிக்கும்போது வியர்த்துக் களைத்தால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

சரியாகக் குடிக்காத குழந்தைக்கு மூக்கைப் பிடித்துச் சங்கில் பால் புகட்டுவது மிகவும் ஆபத்தானது. பால் மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும். நாக்கில் வசம்பு தடவுவதால் தசை வலுப்பெறாது.

6 மாதம் முதல் 2 வயது வரை

இணை உணவு தொடங்கும்போது நாக்கு அதை வெளியே தள்ளுவது இயல்பே. சில வாரங்களில் இது மறைய வேண்டும். 8 மாத அளவில் கையில் பிடித்துத் தின்னும் மென்மையான உணவையும், ஒரு வயதில் வீட்டு உணவையும் குழந்தை பழகலாம். தொண்டையில் சிக்கிவிடும் என்று அஞ்சி, பருப்புச் சோற்றை இரண்டு வயதுவரை மிக்ஸியில் அரைத்தே ஊட்டினால் மெல்லும் பழக்கம் தள்ளிப்போகும். கையால் மசித்த சோறு, இட்லித் துண்டு, நன்கு வெந்த காய் எனப் படிப்படியாக மாற்றுங்கள். வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவற்றை 5 வயதுவரை முழுதாகத் தர வேண்டாம்.

கட்டியான உணவைக் கண்டாலே குமட்டுவது, உணவை வாய்க்குள் நெடுநேரம் அடக்கிவைப்பது, மெல்லாமல் விழுங்குவது ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2 வயதுக்குப் பின்

சட்டை நனையுமளவு எச்சில் வடிவது தொடர்ந்தால் பரிசோதனை தேவை. எப்போதும் வாய் திறந்தே இருந்து குறட்டையும் விட்டால், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை காரணமாக இருக்கலாம். இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை முதலில் அவசியம். பேச்சுத் தாமதம் அனைத்தும் தசைக் குறைபாடன்று. நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. ஊதல் ஊதும் பயிற்சியால் மட்டும் பேச்சு வந்துவிடும் என்பதற்கும் போதிய சான்று இல்லை.

எங்கே காட்டுவது?

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். உங்கள் ஐயத்தை அவர்களிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கூறலாம். எங்களிடம் வரும்போது குழந்தை உண்பதைக் கைபேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்து வாருங்கள். எடைப் பதிவு அட்டையையும், குழந்தை வழக்கமாக உண்ணும் உணவையும் கொண்டுவாருங்கள். விழுங்கும் முறையைப் பேச்சுப் பயிற்சியாளருடன் சேர்ந்து நேரில் கண்டு, உட்காரவைக்கும் நிலையையும் உணவின் பதத்தையும் உங்களுக்குக் கற்பிப்போம்.

உண்ணும்போது உதடு நீலமாவது, மூச்சுத் திணறுவது, நிமோனியா மீண்டும் மீண்டும் வருவது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம். “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறினாலும், ஒருமுறை காட்டிவிட்டுச் செல்லுங்கள்.