உங்களுக்குத் தெரியுமா? மீட்டர் சொல்லும் கணக்கும் பணவீக்கக் கணக்கும்

◆ மே மாதம் ஏசி இரவு பகலாக ஓடி கரண்ட் பில் இரண்டு மடங்கானாலும், அதனால் பணவீக்கம் ஒரு புள்ளிகூட ஏறாது. "எவ்வளவு கட்டினீர்கள்?" என்று நுகர்வோர் விலைக் குறியீட்டெண் கேட்பதில்லை. முன்பு வாங்கிய அதே அளவு மின்சாரத்துக்கு இப்போது என்ன விலை என்பதுதான் அதன் கேள்வி. கூடுதலாக ஓட்டியதால் மேல் ஸ்லாபுக்குப் போய் யூனிட் ரேட்டே கூடினாலும் அது விலையேற்றக் கணக்கில் வராது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, குறிப்பிட்ட அளவு பயன்பாட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதே அளவுக்கு நிறுவனம் இன்றைக்குப் போடும் பில் எவ்வளவு என்று வரியும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்த்துப் பார்க்கிறது. சிகாகோவில் குளிர் கடுமையாகி ஹீட்டர் ஓயாமல் ஓடினால், அந்தக் கூடுதல் செலவு வானிலையின் பாடு.

◆ 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்தியக் குறியீட்டெண்ணுக்காக 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை கேட்டார்கள். தக்காளிக்குக் கடை உண்டு. மின்சாரத்துக்கு? ஒழுங்குமுறை ஆணையம் போடும் கட்டண ஆணைதான் விலைப்பட்டியல். அதனால் மின்விலைக் கோடு படிக்கட்டு மாதிரி போகும். ஆண்டுக்கணக்கில் அசையாது, பிறகு ஒரே நாளில் ஏறிவிடும். பன்னிரண்டு மாதம் கழிந்ததும் அந்த ஏற்றம் ஆண்டுப் பணவீக்கத்திலிருந்து காணாமல் போகும். பில்லிலிருந்து மட்டும் போகாது.

◆ 2022 செப்டம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் எத்தனை சதவீதம் ஏறியது? பதில், யார் வீட்டு மீட்டர் என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 170 ரூபாய் 225 ஆனது. சுமார் 32 சதவீதம். 500 யூனிட் வீட்டுக்கு 1,130 ரூபாய் 1,725 ஆனது, 53 சதவீதம். அடுத்த தெருவில் 600 யூனிட் ஓட்டும் வீட்டுக்கோ 2,440 ரூபாய் 2,750 ஆனது. வெறும் 13 சதவீதம். ஒரே ஆணை, ஒரே நாள்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் வேடிக்கை. அந்தக் கட்டணத்தில் 500 யூனிட்டோடு நின்றவருக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் நடுவிலுள்ள 100 யூனிட்டுக்கான சலுகை ரேட் பறிபோய் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! ரீடிங் எடுப்பவர் எப்போது வருவார் என்று வீட்டுக்காரர்கள் நாள்காட்டியைப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

இந்த வீடுகளையெல்லாம் ஒரே சதவீதமாகச் சுருக்கும்போது செலவுதான் எடைக்கல். அதிகம் கட்டும் வீட்டுக்கு அதிகக் குரல். ஒன்றுமே கட்டாத வீட்டுக்குக் குரலே இல்லை.

◆ அந்தப் பூஜ்யமே புள்ளியியலாளர்களுக்குத் தலைவலி. ஒரே பொருளுக்குப் பல இடங்களில் கிடைத்த விலைகளை இந்தியக் குறியீட்டெண் பெருக்கல் சராசரியாகச் சேர்க்கிறது. பெருக்கலில் ஒரே ஒரு பூஜ்யம் நுழைந்தாலும் மொத்தமும் பூஜ்யம்தான்.

◆ 2012 தொடரில் எரிபொருள், விளக்கு வகைக்கு நூற்றுக்கு 6.84 எடை. கிராமத்தில் 7.94, நகரத்தில் 5.58. உள்ளே பிரித்துப் பார்த்தால்: மின்சாரம் 2.26, விறகு 2.07, சமையல் கேஸ் 1.29. ஆம், கேஸைவிட விறகுக்கு எடை அதிகம். அந்த எடைகள் 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. 2016இல் உஜ்வலா திட்டம் வந்து கோடிக்கணக்கான வீடுகளுக்கு சிலிண்டர் போன பிறகும், குறியீட்டெண்ணின் அடுப்பில் பழைய விறகே எரிந்துகொண்டிருந்தது. 2024ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் 2026 பிப்ரவரியில்தான் வந்தது. இத்தனை காலம் இழுத்திருக்க வேண்டியதில்லை.

◆ பணவீக்கத்தில் மின்கட்டணம் இருக்கிறது. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் பணவீக்கம் இருக்கிறது! ஆண்டுதோறும் ஜூலையில், ஏப்ரல் மாதப் பணவீக்கம் அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணத்தை ஏற்றலாம் என்பது 2022 ஆணையின் விதி. 2024 ஜூலையில் ஏறியது 4.83 சதவீதம், அந்த ஏப்ரலின் பணவீக்கம் தசமம் பிசகாமல் அதுவே. 2025இல் 3.16 சதவீதம், அப்போது வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பாம்பு தன் வாலையே விழுங்குகிறதோ என்று பயப்பட வேண்டாம். 2012 தொடரில் நாடு முழுவதன் மின்சாரத்துக்கே எடை 2.26தான் இருந்தது, அதில் நம் மாநிலத்தின் பங்கு இன்னும் சிறிது.

◆ அரசு பில்லில் பாதியைத் தானே கட்டினால் விலை குறைந்ததாக அர்த்தமா? நாட்டுக்கு நாடு பதில் மாறும்.

பிரிட்டனில் 2022 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கு, ஒவ்வொரு வீட்டின் மின்கணக்கிலும் மொத்தம் 400 பவுண்டை அரசு வரவு வைத்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதை விலைக்குறைப்பாக ஏற்கவில்லை. எவ்வளவு ஓட்டினாலும் ஒரே தொகை என்பதால், அது குடும்பத்துக்கு அரசு கொடுத்த உதவிப் பணம் என்று வகைப்படுத்திவிட்டது. அதே அக்டோபரில், சராசரிக் குடும்பத்தின் ஆண்டு பில் 2,500 பவுண்டைத் தாண்டாதபடி யூனிட் ரேட்டுக்கு அரசு போட்ட வரம்பை மட்டும் கணக்கில் சேர்த்தது. அந்த மாதப் பணவீக்கம் 11.1 சதவீதம்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2022 டிசம்பர் மாத கேஸ் தவணையை அரசே கட்டியது. புள்ளியியல் அலுவலகம் அதை விலைக்குறைவாகச் சேர்த்தது. முந்தைய மாதம் 10 சதவீதமாக இருந்த பணவீக்கம் 8.6 என்று அறிவிக்கப்பட்டது. வினை ஓராண்டு கழித்து வந்தது. 2023 டிசம்பரை அந்த மலிவான டிசம்பரோடு ஒப்பிட வேண்டியிருந்ததால் 3.2 சதவீதம் 3.7 ஆனது.

ஆஸ்திரேலியாவிலும் அரசின் மின்கட்டணத் தள்ளுபடியை விலைக்குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பர் காலாண்டில் மின்விலை 17.3 சதவீதம் சரிந்தது. தள்ளுபடி இல்லாவிட்டால் 0.7 சதவீதம் ஏறியிருக்கும் என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே சொன்னது. என்னைக் கேட்டால் பிரிட்டனின் வாதம்தான் வலுவானது. ஆனால் பில்லைக் கையில் வைத்திருப்பவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

◆ 2025 கோடையில் டோக்கியோ மாநகர அரசு வீடுகளின் அடிப்படைத் தண்ணீர்க் கட்டணத்தை நான்கு மாதத்துக்கு ரத்து செய்தது. ஜூன் மாதம் டோக்கியோவின் அடிப்படைப் பணவீக்கம் 3.6 சதவீதத்திலிருந்து 3.1 ஆனது. அதில் குழாய்த் தண்ணீருக்கும் ஒரு பங்கு.

◆ நெதர்லாந்தில் நடந்தது பெரிய கூத்து. அங்கே மின்சாரம், கேஸ் விலைக்கு, புதிதாக ஒப்பந்தம் போடுபவருக்குச் சொல்லப்படும் ரேட்டையே எல்லாருக்குமான விலையாகப் புள்ளியியல் அலுவலகம் எடுத்துவந்தது. விலை மெல்ல நகரும்வரை பாதகமில்லை. 2022இல் ரேட் வானத்துக்குப் போனது. பல வீடுகள் பழைய நிலையான ஒப்பந்தத்தில் பழைய விலையே கட்டிக்கொண்டிருக்க, செப்டம்பர் பணவீக்கம் 14.5 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2023 ஜூன் முதல், மக்கள் உண்மையில் கட்டும் ரேட்டுகளை நிறுவனங்களிடமிருந்தே வாங்கிக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். ஆனால் பழைய எண்களைத் திருத்தவில்லை. சம்பளமும் வாடகையும் அவற்றை வைத்து முடிவான பிறகு எப்படித் திருத்துவது? வீங்கிய அந்த எண்ணோடு ஒப்பிட்டதில், 2023 அக்டோபரில் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.4!

◆ யூனிட் விலை மாறாமல் மின்சாரமே வராமல் போனால்? குறியீட்டெண்ணுக்கு அது தெரியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கட்டணமோ ஆண்டுக்கணக்காக மாறாதது. அந்த மாதம் மின்விலை நகரவில்லை. ஆகஸ்டில் ஒரேயடியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிறகு இறக்கம்: 2024 ஜூலையில் 22.5 சதவீதம், 2025 ஜனவரியில் 20 சதவீதம். 2025 பிப்ரவரியில் பணவீக்கம் மைனஸ் 4.2 சதவீதம். நூறு ரூபாய்க் கட்டணம் இரண்டு ஏற்றத்தில் 290 ஆன பிறகு நடந்த இறக்கம் இது.