வீட்டைக் காக்கும் கண்ணும் செவியும்



தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த காலத்தில் நம் வீடுகளுக்குத் தனிக் காவல் தேவைப்பட்டதில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. முன்பின் அறியாதவர் ஒருவர் லயத்திற்குள் கால் வைத்தால் நாய் குரைக்கும், வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டி, “யாரைப்பா தேடி வந்தாய்?” என்று கேட்பார். அந்தப் பாட்டியே நமக்குக் கண்ணும் செவியுமாக விளங்கினார்.

இன்று ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. ஸ்கூடாய், மாசாய், கூலாய் ஆகிய ஊர்களில் நம் குடும்பங்கள் பல குடியேறியுள்ளன. விடியுமுன்பே தந்தை பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கிறார். தாய் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறார். வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே, பலர் உழைத்துச் சேர்த்த பணத்தில் எச்சரிக்கை மணிக் கருவிகளை வாங்கிப் பொருத்துகின்றனர். ஆனால், கருவியை வாங்குவது பாதி வேலையே. அதனை உரிய இடத்தில் வைப்பதே மறுபாதி. அதனை ஈண்டு விளக்க முனைகின்றோம்.

சாம்பல் இழுத்த கல்

அசைவை உணரும் கருவியின் கதை இலங்கையில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் அங்கிருந்து ஒருவகை மணிக்கல்லை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். சிங்கள மொழியில் அதற்குத் ‘தோரமல்லி’ என்று பெயர். அப்பெயரே திரிந்து ‘தூர்மலின்’ ஆயிற்று. அதனைச் சூடாக்கினால் அருகிலுள்ள சாம்பலைத் தன்பால் இழுத்தது. அதனால் டச்சுக்காரர்கள் அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். வெப்பம் மாறும்போது அக்கல்லின் இரு முனைகளிலும் நேர்மாறான மின்னூட்டங்கள் தோன்றுகின்றன என்பதை 1756ஆம் ஆண்டில் ஏப்பினஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். இன்றைய கருவிகளுள், இதே இயல்புடைய செயற்கைப் பொருளால் ஆன சிறு வில்லை ஒன்று இருக்கின்றது.

நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் ஆகும். அவ்வெப்பம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகின்றது. அத்தகைய கதிர் உண்டு என்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் கண்டுபிடித்தார். கருவியின் முகப்பில் உள்ள வெண்ணிற நெகிழித் தகடு, கலங்கரை விளக்கிற்காகப் பிரெனெல் வகுத்த கண்ணாடி வில்லையின் முறையில் அமைந்தது. அஃது அறையை விரிந்த விரல்களைப் போலப் பல பட்டைகளாகப் பிரித்துக் காண்கிறது. ஒருவர் ஒரு பட்டையிலிருந்து மற்றொன்றிற்குக் கடக்கும்போது, உள்ளே விழும் வெப்பம் மாறுகிறது, சிறு மின்குறிப்பு எழுகிறது, மணி ஒலிக்கிறது. கருவி திருடனை அறியாது. வெப்பத்தின் மாற்றத்தை மட்டுமே அறியும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கண்ணை எங்கே வைப்பது?

கருவியை நோக்கி நேரே நடந்து வருபவரைவிட, அதன் முன்னே குறுக்கே கடப்பவரையே அது விரைவில் உணரும். ஆகவே, வாயிலுக்கு நேரெதிரே மாட்டுவதினும், வருபவர் குறுக்கே கடந்தாக வேண்டிய மூலையில் மாட்டுவது சிறந்தது. தரையிலிருந்து ஏழு அல்லது எட்டு அடி உயரம் பொருத்தமானது.

வெயில் விழும் சன்னல், அடுப்பு, குளிர்சாதனக் கருவி, சாமி விளக்கு ஆகியவற்றை நோக்கி வைத்தல் ஆகாது. உயரமான அலமாரி அதன் பார்வையை மறைக்கக் கூடாது. சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். எனவே, உள்ளே இருந்துகொண்டு வெளி முற்றத்தை அதனால் காவல் காக்க இயலாது. தகரக் கூரையின்கீழ் நண்பகலில் அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும். முகப்பின்மேல் பல்லி ஊர்ந்தாலும் மணி அடிக்கும். ஆதலால், கம்பி நுழையும் துளையை அடைத்து, முகப்பை அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

செவியை எங்கே வைப்பது?

கண்ணாடி உடையும் ஓசையை உணரும் கருவி வீட்டின் செவியாகும். கண்ணாடியைத் தாக்கும்போது முதலில் ‘தொம்’ என்னும் தாழ்ந்த ஓசையும், அடுத்த நொடிக்குள் ‘சிலீர்’ என்னும் உயர்ந்த ஓசையும் எழுகின்றன. இவ்விரண்டும் வரிசையாக வந்தால்தான் நல்ல கருவி மணியடிக்கும். இதனைச் சன்னல் உள்ள அதே அறையில், கண்ணாடிக்கு எதிரே, ஏறத்தாழ இருபது அடிக்குள் பொருத்துதல் நலம். தடித்த திரைச்சீலை ஓசையை விழுங்கிவிடும். எவர்சில்வர்த் தட்டுகள் விழுந்தெழும் சமையலறை இதற்கு ஏற்றதன்று. குடும்பத்தார் உறங்கும் இரவிலும் இதனை இயக்கி வைக்கலாம் என்பது இதன் சிறப்பு. அசைவுணர் கருவியோ, நீர் அருந்த எழுந்த தாத்தாவிற்கும் மணியடித்துவிடும்.

ஆனால், நம் வீடுகள் பலவற்றில் கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய ‘நாக்கோ’ சன்னல்களே உள்ளன. அப்பலகைகளைத் திருடன் உடைப்பதில்லை. ஓசையின்றி ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுகிறான். உடையாத கண்ணாடியைச் செவி எவ்வாறு கேட்கும்? அத்தகைய சன்னலுக்கு இரும்புக் கம்பியும், அதன் உட்புறத்தே ஓர் அசைவுணர் கருவியுமே பாதுகாப்பு.

நாம் அறிந்த ஒரு குடும்பம்

நாம் அறிந்த குடும்பம் ஒன்று, மேற்குச் சன்னலை நோக்கி அசைவுணர் கருவியை மாட்டியிருந்தது. மாலை வெயிலில் மேகம் மறைந்து விலகும்போதெல்லாம் மணி அலறியது. அண்டை வீட்டார் முதலில் ஓடி வந்தனர். பின்னர் எட்டிப் பார்த்தனர். அதன்பின் எவரும் பொருட்படுத்தவில்லை. ‘புலி வருது’ என்று ஏய்த்த சிறுவனின் கதையாயிற்று. சலித்துப்போன வீட்டார் கருவியை அணைத்துவிட்டனர். அடுத்த வாரமே பின்புற நாக்கோ சன்னல் வழியே புகுந்த திருடன், மகளின் திருமணத்திற்கெனப் பல்லாண்டு சேர்த்த நகைகளைக் கவர்ந்து சென்றான். கருவி பழுதானதன்று, அது நின்ற இடமே பிழையானது.

மாணவர்களே, உங்கள் பணி

விடுமுறையில் உங்கள் வீட்டின் வரைபடத்தை வரையுங்கள். வாயில், சன்னல், அடுப்பு, விளக்கு ஆகியவற்றைக் குறித்துப் பெற்றோருடன் கலந்து பேசுங்கள். கருவி இருப்பின், திங்களுக்கு ஒருமுறை அதன் முன்னே நடந்து அது விழித்திருக்கிறதா எனச் சோதியுங்கள். பள்ளி முடிந்து திரும்பும்போது கதவு உடைந்திருக்கக் கண்டால் உள்ளே செல்லாதீர்கள். அண்டை வீட்டாரிடம் ஓடிச் சென்று 999 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பொருளினும் உயிர் பெரிது.

மணி ஒலித்தால் மட்டும் திருடன் பிடிபடுவதில்லை. அதனைக் கேட்டு ஓடிவர மனிதர் வேண்டும். நம் நாட்டில் 1975ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா திட்டம் தோன்றியதும் அண்டை அயலாரை இணைப்பதற்கே. கருவியை வாங்கும் பெற்றோர்கள் அண்டை வீட்டாரின் நட்பையும் சேர்த்துத் தேடிக்கொள்வார்களாக! லயத்துப் பாட்டியின் கண்ணும் செவியும் நம் தெருவெங்கும் மீண்டும் விழிக்கட்டும். வருமுன் காப்போம், நலமுடன் வாழ்வோம்!