ஊர்ச் செய்தி சொல்லும் கோயில் சுவர்

திருக்கோயிலுக்குச் செல்லும் நாம் மூலவரை வணங்கிப் பிராகாரத்தை வலம் வருகிறோம். அப்போது நம் வலப்புறத்தில், கருவறையின் அடித்தளக் கற்களிலும் சுவரிலும் வரிவரியாக எழுத்துகள் ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் ‘ஏதோ ராஜா காலத்து எழுத்து’ என்று கடந்துவிடுகின்றனர். உண்மையில் ராஜாவின் பெருமை பெரும்பாலும் முதல் சில வரிகளோடு முடிந்துவிடும். அதன்பின் வருவதெல்லாம் அந்த ஊரின் செய்திகளே. யார் யாருக்கு நிலம் விற்றார், அதன் கீழ்பாற்கெல்லை எது, எந்த வாய்க்காலிலிருந்து நீர் பாயும், எந்த அம்மையார் சந்நிதி விளக்குக்கு ஆடு கொடுத்தார், ஊர்ச்சபை எவ்விடத்தில் கூடி என்ன முடிவெடுத்தது என்பன போன்றவை.

விளக்குக்கு ஆடு கொடுப்பது எப்படி என்று சிலர் வியக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். வாழ்நாள் முழுவதும் வங்கியில் வைப்புத்தொகைக் கணக்குகளைப் பார்த்த எனக்கு, முதல் தேயாமல் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும் இந்த ஏற்பாடு பெருவியப்பைத் தருகிறது. அக்கோயிலுக்கு வந்த காசைச் சுற்றுவட்டாரத்து ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தியதும் கல்லில் உள்ளது. நூற்றுக்குப் பன்னிரண்டரை! கடன் வாங்கிய ஊரின் பெயரை எல்லாரும் காணும்படி சுவரில் வெட்டி வைப்பதற்கு எந்த வங்கிக்கும் இன்று துணிவு வராது.

துயரச் செய்திகளும் உண்டு. வேட்டைக்குப் போனவன் விலங்கென எண்ணி எய்த அம்பு உடன் வந்தவனைக் கொன்றுவிடுகிறது. ஊரார் கூடி ஆராய்கின்றனர். வேண்டுமென்று செய்ததன்று எனக் கண்டு, உயிருக்கு உயிர் வாங்காமல், இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுக்குமாறு தீர்ப்பளிக்கின்றனர். இத்தகைய கல்வெட்டுகள் சோழநாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. அந்த விளக்கின்முன் நின்ற இரு குடும்பத்தாரின் மனநிலையை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். கல் அதைச் சொல்வதில்லை.

ஊர் நடப்பைச் சொல்லும் சுவர்களில் தலையாயது காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு அமைந்த வாரியங்களில் ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆக மாறுகிறது. இளையவர்கள்மேல் என்ன மனத்தாங்கலோ! எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது. அவன் மகன், மருமகன், மைத்துனன் என்று உறவினர்கள்கூட நிற்க முடியாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கு மட்டுமே அச்சபை திறந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் எடுத்த முடிவை ஊரறியக் கல்லில் வைத்தார்களே! இன்று தமிழகத்தில் குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அவற்றின் தீர்மானம் எழுதிய ஏட்டை நம்மில் எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கிறோம்?

சுவரும் ஏடுதான், அழித்தால் மறுபடி எழுத முடியாது. இதை நன்கறிந்தவர் செம்பியன் மாதேவியார். கும்பகோணத்தை அடுத்த திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பிக்கும்போது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். இவை பழங்கற்களின் படி என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசியார்க்கு இருந்த அக்கறை, கும்பாபிஷேகம் நெருங்கும்போது நமக்கு இருக்கிறதா? மணல் பீய்ச்சிச் சுவரைத் தேய்க்கிறோம். எழுத்தின்மேல் சுண்ணாம்பும் எண்ணெய் வர்ணமும் பூசுகிறோம். பளபளப்புக்காக ஓடு பதிக்கிறோம். செய்பவர்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள் என்பதே இதிலுள்ள வேதனை.

சென்ற ஆண்டு வடமாவட்டத்தில் ஒரு சிற்றூர்ச் சிவாலயத்துக்குச் சென்றிருந்தேன், பெயர் வேண்டாம். திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தென்சுவர் முழுதும் காவியும் வெள்ளையும் பூசி முடிந்திருந்தது. வடசுவரில் மட்டும் எழுத்துகள் தெரிந்தன. மாலையில் மண்டபத்தில் கூடிய ஊரார் இருவேறு கருத்துடன் இருந்தனர். “பாதிச் சுவர் பூசாமல் நின்றால் பார்க்க நன்றாயிருக்குமா ஐயா?” என்றார் திருப்பணிக் குழுப் பெரியவர். அவர் வசூலுக்காக வீடுவீடாக நடந்தவர். அவர் கேட்டதில் தவறில்லை. நான் ஈரத்துணியால் ஒரு கல்லைத் துடைத்து, தெரிந்த அளவு எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு வாய்க்காலின் பெயர் வந்தது. “அது எங்கள் கொல்லைமேட்டு வாய்க்கால் அல்லவா? இன்றும் அந்தப் பெயர்தான்!” என்று பின்னால் நின்ற ஒரு மூதாட்டி குரல் கொடுத்தார். அதன்பின் ஆளுக்கொரு கல்லைத் துடைக்கத் தொடங்கினர்.

வடசுவரைப் பூசாமல் விடுவது என்றும், கல்வெட்டுத் துறையினருக்கு எழுதி மைப்படி எடுக்க வேண்டுவது என்றும் அன்றிரவே முடிவாயிற்று. தென்சுவரில் என்ன எழுதியிருந்தது என்று அவ்வூரில் எவருக்கும் தெரியவில்லை.