மின்சாரக் காரும் மண்ணுக்குள் உள்ள கம்பியும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் கருங்கல்லையும் உப்புக் காற்று அரித்திருப்பதை அங்குச் செல்வோர் காண்கின்றனர். கல்லுக்கே இக்கதியென்றால், நம் வீட்டுச் சுவரில் மாட்டும் மின்சாரப் பெட்டிக்கும் கம்பிக்கும் எக்கதி? கடலோர இல்லங்களின் முற்றத்தில் மின்சாரக் கார்கள் நிற்கத் தொடங்கியுள்ள இந்நாட்களில், குடும்பத்தார் ஒவ்வொருவரும் இதைச் சிந்தித்தல் வேண்டும்.

அண்மையில் இப்பகுதியில் ஒரு குடும்பத்தார் தம் புதிய காரை மந்திரிக்க நம்மை அழைத்தனர். மந்திரித்து முடித்ததும் வீட்டுக்காரர் மின்னேற்றும் பெட்டியைப் பெருமையுடன் காட்டினார். "முதலில் சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி மின்சாரத்தை ஏற்க மறுத்தது, சாமி. வேலைக்கு வந்தவர் பிளக் துளைக்குள் ஒரு துண்டுக் கம்பியை வைத்துச் சரிசெய்துவிட்டார்" என்றார். நம்முடன் வந்திருந்த அனுபவமிக்க மின்பணியாளரின் முகம் மாறிவிட்டது. உடனே மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அவ்வீட்டுச் சிறுமியோ, ஈர மணலில் வெறுங்காலுடன் காரைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்தத் துண்டுக் கம்பி செய்தது என்ன? காரின் டயர்கள் ரப்பராலானவை. வண்டியின் இரும்புடல் நிலத்தைத் தொடுவதில்லை. எங்கேனும் மின்கசிவு ஏற்பட்டால் அதை மண்ணுக்குள் கொண்டு சேர்ப்பது எர்த் கம்பி. அது இல்லையென்றுதான் பெட்டி சிவப்பு விளக்கால் எச்சரித்தது. வேலையாளோ நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே இணைத்து அந்தப் பெட்டியை ஏமாற்றிவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது, ஆபத்து நீங்கவில்லை. உப்பால் அரித்துப்போன நியூட்ரல் இணைப்பு ஒருநாள் அறுந்தால், 230 வோல்ட் முழுவதும் காரின் உடலிலேயே வந்து நிற்கும். ஈர நிலத்தில் நின்று அதைத் தொடுபவரின் உடலே மின்சாரத்திற்கு வழியாகிவிடும்.

எனவே பெட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் எர்த்தைச் சோதியுங்கள். கடற்கரை மணல் நீரைத் தேக்கி வைப்பதில்லை. கோடையில் உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மண்ணில் புதைத்த குழாயின் கிளாம்பையோ உப்பு தின்றுவிடும். உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டு, அதற்குரிய கருவியால் கோடையிலேயே அளந்து பார்த்தல் நன்று. அளவு 5 ஓமுக்கு மேற்படாதிருத்தல் நலம்.

அடுத்து, எத்தகைய பெட்டி வேண்டும்? பெரியதே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கிருந்து சென்னை சென்று திரும்ப ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நடுத்தரக் கார் ஒரு யூனிட்டுக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். இழப்பையும் சேர்த்தால் 20 யூனிட் போதும். 16 ஆம்பியர் பிளக்கில் இணையும் 3.3 கிலோவாட் கருவி இதனை 6 மணி நேரத்தில், நாம் உறங்கும்போதே, ஏற்றிவிடும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவருக்கும், ஒரே வீட்டில் இரு கார் உடையோருக்குமே 7.2 கிலோவாட் பெட்டி பெரிதும் பயன்படும். அதற்கு 32 ஆம்பியர் இணைப்பும், 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும் வேண்டும். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை அதற்கு இடம் தருமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் கடமை. மின்சாரம் கூடுதலாகச் செலவாகுங்கால் யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்பெட்டியாயினும் அதற்கெனத் தனிக் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இன்றியமையாதவை. மத்திய மின்சார ஆணையம் 2019இல் மின்வாகனங்களுக்கென வகுத்த பாதுகாப்பு விதிகளும் இக்கருவியை வலியுறுத்தின. பிளக் தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்றும், நீட்டிப்புக் கம்பி கூடாது என்றும் அவை கூறின. சமையலறை ஜன்னல் வழியே கம்பி இழுக்கும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. அத்தகைய காற்றும் மழையும் இங்குப் புதியன அல்ல. ஆகவே நீரும் தூசியும் புகாத மூடியுள்ள பெட்டியைக் கூரைக்கு அடியில், கடற்காற்று நேரே படாத சுவரில் பொருத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருகுகளையும் இணைப்புகளையும் திறந்து பார்க்கச் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையோ மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்கலாம்.

அவ்வீட்டில் புதிய எர்த் குழி தோண்டினார்கள். தனிக் கம்பி இழுத்தார்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு மிகச் சிறிது. கோடையில் நாம் மீண்டும் சென்றபோது, அச்சிறுமி சிறு குடத்தில் நீர் கொண்டுவந்து அக்குழியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண் காயாதிருக்க நாள்தோறும் ஊற்றுவது இப்போது தன் வேலை என்றாள்.