காலம் கடந்துவிட்டது என்று யார் சொல்வது?

மலையகம் என்றதும் நுவரெலியாவும் பதுளையுமே பலரது நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் சிதறி வாழும் எமது மக்களின் குரல் வெளியில் கேட்பது அரிது. 1977, 1983 வன்செயல்களின் வடு இன்னும் ஆறாத இத்தோட்டங்களில், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணொருவர் வாய் திறப்பதற்குச் சில வேளைகளில் ஆண்டுகள் பல சென்றுவிடுகின்றன. அவ்வாறு பேச முன்வருபவரிடம், “இவ்வளவு காலம் ஏன் சும்மா இருந்தாய்? இனி வழக்குப் போட முடியாது” என்று கூறப்படுமாயின், அது சட்டமன்று என்பதை நாம் தெளிவுபடுத்த விரும்புகின்றோம்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு இது குறித்துப் பேசுகிறது. கொலைக்கும் அரச துரோகத்துக்கும் எதிராக வழக்குத் தொடர்வதற்குக் கால எல்லை கிடையாது. வேறு சிறப்பு ஏற்பாடு இல்லாதவிடத்து, ஏனைய குற்றங்களுக்கு எல்லை இருபது ஆண்டுகளாகும். எனவே ஒரு மாதமோ ஐந்து ஆண்டுகளோ கடந்துவிட்டன என்பதற்காக ஒரு வல்லுறவு முறைப்பாட்டைப் பொலிஸார் திருப்பியனுப்ப முடியாது. தாமதத்துக்கான காரணத்தை நீதிமன்றம் ஆராயும். நியாயமான விளக்கம் இருப்பின் அதனை ஏற்கும். உடலில் காயமில்லை என்பதும் தடையாகாது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், சம்மதம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்கக் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அவசியமில்லை எனக் கூறுகின்றது. வல்லுறவுக்கு ஏழு முதல் இருபது ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையை விதித்ததும் அதே திருத்தமே.

ஆயினும் இருபது ஆண்டுகள் இருக்கின்றனவே என்று காத்திருப்பது பெருந்தவறு. சட்ட வைத்திய அதிகாரி கண்டறியக்கூடிய சான்றுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அரச அதிகாரி ஒருவரால் அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படமாட்டாது. இதனை அறியாமையினால் உரிமையை இழப்போர் அநேகர்.

பெண்கள் ஏன் மௌனம் காக்கின்றனர் என்று வினவுவோர் தோட்டச் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 2013 ஜூலையில் தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகரே படுகொலை செய்யப்பட்டார். அக்கொலைக்காகப் பிற்காலத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டோருள் அப்போதைய பிரதேச சபைத் தலைவரும் ஒருவர். துரைக்கே பாதுகாப்பு இல்லாத இடத்தில், வேலையும் லயன் அறையும் தோட்டத்தையே நம்பியிருக்கும் கொழுந்து பறிக்கும் பெண் எவரை நம்பிப் பேசுவார்?

பிள்ளைகளின் நிலை இன்னும் கொடியது. 456ஆம் பிரிவின் கணக்கு குற்றம் நிகழ்ந்த நாளிலேயே தொடங்குகிறது. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, ஒன்பது வயதில் உறவினரால் சீரழிக்கப்பட்ட சிறுமிக்கு இருபத்தொன்பது வயதில் அந்த இருபது ஆண்டுகள் முடிந்துவிடும். அவற்றில் முதல் ஒன்பது ஆண்டுகள் அவர் சிறுமியாகவே இருந்த காலம். ஜேர்மனியில் பாதிக்கப்பட்டவருக்கு முப்பது வயது நிறைவடையும்வரை இக்கணக்கு தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் இத்தகைய பாரிய குற்றங்களுக்கு எல்லையே இல்லை. இந்தியாவிலும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கால எல்லை கிடையாது. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் எந்தக் கால எல்லையும் தடையாகாதென எமது சட்டமும் ஐயத்துக்கு இடமின்றிக் கூற வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியவையும் உள்ளன. தோட்டத் தலைவர் முன்னிலையிலோ, மாவனல்லை போன்ற ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் முன்னிலையிலோ, பணம் கொடுத்தோ திருமணம் பேசியோ இக்குற்றத்தைத் தீர்த்துவைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணி நாட்களைக் கடத்துவது குற்றவாளிக்கே உதவும். அரசியலமைப்பின்படி தமிழில் முறைப்பாடு செய்ய எவருக்கும் உரிமை உண்டு. தமது மொழியில் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத வாக்குமூலத்தில் எவரும் கையொப்பமிடலாகாது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைக் காப்பகத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களுக்குத் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர்களை நியமிக்குமாறு தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் வலியுறுத்த வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் ஒரு பங்கையேனும் இதற்கும் கொடுப்பது அவர்களது கடமையாகும்.