கேஸ் கீசரும் தாழிட்ட கதவும்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே விதமான செய்தியோடு சிலர் கொண்டுவரப்படுகின்றனர். "குளிக்கப் போனவர் வெகுநேரமாகியும் வரவில்லை, கதவை உடைத்துத் தூக்கி வந்தோம்" என்பதே அச்செய்தி. சென்ற குளிர்காலத்தில் அவ்வாறு வந்தவர், பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் இளம்பெண். இரவு எட்டரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, லைன் வீட்டின் சிறிய குளியலறையில் குளிக்கச் சென்றிருக்கிறார். கை கால் இழுத்ததைக் கண்ட மாமியார் வலிப்பு என்று கருதி உள்ளங்கையில் இரும்புச் சாவியை வைத்து அழுத்தியிருந்தார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 என்று காட்டியது. அவருக்கு வலிப்பு நோய் இல்லை. அந்த 98-உம் உண்மையான அளவு இல்லை. கார்பன் மோனாக்சைடைத் தனியே அளந்து காட்டும் இரத்தப் பரிசோதனையில்தான் காரணம் வெளிப்பட்டது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் பொருத்தப்பட்டிருந்தது. குளிர் தாங்காமல் சன்னலின் கண்ணாடி இடைவெளிகளை அட்டை வைத்து அடைத்திருந்தனர்.

சமையல் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். ஒரு பங்கு வாயு முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 24 முதல் 31 பங்கு காற்று தேவைப்படுகிறது. அடுப்பின் ஒரு பர்னரைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக வாயுவை எரிப்பது கீசர். நான்கடிக்கு ஐந்தடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதனை இயக்கினால் காற்றிலுள்ள பிராணவாயு விரைவில் குறைகிறது. எரிதல் அரைகுறையாகிறது, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. சிலிண்டரிலிருந்து கசியும் வாயுவை நாம் உடனே உணர்வது, எண்ணெய் நிறுவனங்கள் அதில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சேர்ப்பதனால்தான். வாயு எரியும்போது அந்த நாற்றமும் எரிந்துபோகிறது. ஆகவே "ஒரு வாடையும் வரவில்லையே, டாக்டர்" என்று உறவினர் கூறுவது முற்றிலும் உண்மையே.

இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிடக் கார்பன் மோனாக்சைடை 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. அவ்வாறு பிடிபட்ட இரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் சாதாரண ஆக்சிமீட்டர் ஏமாந்துபோகிறது. கொரோனா காலத்தில் வாங்கிய கருவி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த ஒரு நோயில் அதன் எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடலாகாது.

முதலில் தலைவலி, பின் குமட்டல், மயக்கம். மூன்றாவது கட்டத்தில் நினைவு சற்றே இருக்கும். ஆனால் கால்கள் துவண்டு, எட்டும் தூரத்திலிருக்கும் தாழ்ப்பாளைக்கூட நீக்க இயலாது. மேற்கூறிய பெண்ணுக்கு அதற்கு முன்பே மூன்று வாரங்களாகக் குளித்தவுடன் தலைவலி வந்திருக்கிறது. தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டது என்று எண்ணித் தைலம் தேய்த்து வந்திருக்கிறார். குளியலறையில் மட்டும் வரும் தலைவலியோ மயக்கமோ இருப்பின், எந்த வகைக் கீசர், அது எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதை மருத்துவரிடம் தாங்களாகவே கூறுங்கள். தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் ஒரு வகை வலிப்பு தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், நன்கு அறியப்பட்டது. இத்தகவல் கிடைக்காவிடில் ஒன்றை மற்றொன்றாகக் கருத மருத்துவருக்கும் வாய்ப்புண்டு.

மருந்து பிராணவாயுவே. வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழுச் செறிவில் பிராணவாயு அளித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். கருவுற்ற பெண்களுக்குச் சிகிச்சையை நீட்டிக்கிறோம். தாய் தெளிந்த பின்னரும் கருவின் இரத்தத்தில் நஞ்சு தங்கியிருக்கக்கூடும். வீடு திரும்பியபின் சில நாட்களிலிருந்து ஐந்தாறு வாரங்களுக்குள் மறதி, குணமாற்றம், தடுமாறிய நடை ஆகியவை புதிதாகத் தோன்றக்கூடும். "சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாமல் குடும்பத்தினர் அக்காலம் முழுவதும் கவனித்து, மாற்றம் தெரிந்தால் மீண்டும் அழைத்து வர வேண்டும்.

தீர்வு எளிது, ஆனால் வீட்டு உரிமையாளரின் இசைவு வேண்டியிருப்பதால் பல இடங்களில் அது நடப்பதில்லை என்பதையும் அறிவோம். கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். அதுவரை, வாளியில் வெந்நீர் பிடித்துக் கீசரை நிறுத்தி, அறையைச் சிறிது நேரம் திறந்துவைத்து, பிறகு குளிப்பது நலம். ஒருவர் பின் ஒருவராக நால்வர் குளிக்கும் வீட்டில் கடைசியாகக் குளிப்பவருக்கே ஆபத்து மிகுதி. சுடர் மஞ்சளாக எரிவதும், கரி படிவதும் எச்சரிக்கைகள். நீலமாக எரிவதாலேயே அச்சமில்லை என்றும் கொள்ளலாகாது. கடைகளில் கிடைக்கும் எரிவாயுக் கசிவு அலாரம் கார்பன் மோனாக்சைடை உணராது. அதற்கெனத் தனி அலாரம் உண்டு.

இனி சிலிண்டர். எரியாத வாயுவின் ஆபத்து வேறு வகையானது. அது காற்றைவிடக் கனமானது. தரையில் படர்ந்து கட்டிலடியிலும் பள்ளங்களிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. நாற்றம் வந்தால் மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நூலில் கட்டித் தொங்கும் பாதுகாப்பு மூடியைச் சிலிண்டர் வாயில் பொருத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். சந்தேகமிருப்பின் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்போர் இன்றும் உள்ளனர் என்பதை எங்கள் தீக்காயப் படுக்கைகளிலிருந்து அறிகிறோம். புதிய சிலிண்டரின் கைப்பிடி வளையத்தருகே பொறித்த எழுத்தைப் பாருங்கள். அது மறுசோதனைக்குரிய காலாண்டு. B 27 என்றால் 2027 ஜூன் இறுதிவரை. வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் சரியாக உள்ளதா என்று காட்டும்படி, கொண்டுவருபவரிடமே கேட்கலாம். அதற்குத் தயங்க வேண்டியதில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் அறைகளில் முறையற்ற இடங்களில் வாயு நிரப்பிய சிறு சிலிண்டர்களைக் காண்கிறோம். அடையாளச் சான்று காட்டினால் 5 கிலோ சிலிண்டரை முறையாகவே வாங்கலாம் என்பதை அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

விடுமுறையில் வேன் அமர்த்தி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் குடும்பங்கள் சிலிண்டரையும் அடுப்பையும் ஏற்றிக்கொள்வது நம் பகுதி வழக்கம். வண்டி என்பது சக்கரம் பூட்டிய குளியலறை என்றே கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், லக்னோவிலிருந்து வந்து மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவன் வண்டிக்குள் உறங்கிய இருவர் இறந்து கிடந்தனர். அங்கே தீ இல்லை. ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. சமைப்பதாயின் வண்டியிலிருந்து இறங்கித் திறந்த வெளியில் சமையுங்கள். சிலிண்டரை ஒருபோதும் படுக்கவைக்க வேண்டாம். படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே வெளியேறி ஏறத்தாழ 250 மடங்கு வாயுவாக விரியும்.

மின்சாரக் கீசர் உள்ளோருக்கும் ஒரு சொல். அதன் அடியிலுள்ள பாதுகாப்பு வால்வு, தண்ணீர் சூடாகும்போது துளித்துளியாகச் சொட்டுவது இயல்பே. எரிச்சலுற்று அதனை எம்சீல் வைத்து அடைப்பவர்கள், அழுத்தம் வெளியேறும் ஒரே வழியை அடைக்கின்றனர். உப்பு மிகுந்த நம் போர்வெல் நீரில் வால்வு தானாகவே இறுகிப்போவதும் உண்டு; ஆண்டுக்கொரு முறை பிளம்பரிடம் காட்டுங்கள். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வெப்ப அளவு 50 டிகிரிக்கு மேல் வேண்டாம். அவர்களுக்கு நீரின் சூட்டை மற்றொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குளியலறையில் ஒருவர் விழுந்து கிடந்தால், உள்ளே சென்று அவரைச் சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிப்பீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; இல்லையெனில் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். 108-ஐ அழைக்கும்போதே "கேஸ் கீசர்" என்ற சொல்லைக் கூறிவிடுங்கள். மருத்துவமனை வாயிலில் எங்களிடமும் அதையே முதலில் கூறுங்கள்.